ஓசியில் ஒரு துண்டு கேக்

"இருபத்தாறு டாலர்," என்றார் மார்லிஸ். "ஒரே ஒரு துண்டு கேக்குக்கு."

"முழுக் கேக்கா இருக்கும். சரியாப் பாரு," என்றார் அவர் கணவர் வெர்லின்.

"துண்டுன்னுதான் போட்டிருக்கு. சூடா வருமாம், நடுவுல சாக்லேட் உருகி ஓடுமாம். செய்ய அரைமணி நேரம் ஆகுங்கிறதால சாப்பாடு சொல்லும்போதே சொல்லிடணுமாம்."

சொல்லிவிட்டு மார்லிஸ் பட்டியலை மூடி வைத்தார். "வேண்டாம். யாரு இவ்வளவு குடுத்துச் சாப்பிடுவா."

முப்பது வருடத்துக்கு மேல் கூடவே வாழ்ந்த மனிதருக்கு அந்த 'வேண்டாம்' எந்த வகை என்று தெரியாதா? உண்மையிலேயே வேண்டாம் என்றால் மார்லிஸ் பட்டியலை மூட மாட்டார். திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் குறை சொல்வார். மூடி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தால், ஆசையாக இருக்கிறது, வாங்கிக் கொடு என்று கேட்க மனம் வரவில்லை என்று பொருள்.

வெர்லின் ஹௌகனுக்குக் காது சூடானது. இரண்டு நாள் லாஸ் வேகஸ் போய் வரலாம் என்று ஆகஸ்டில் ஆரம்பித்தது மார்லிஸ்தான். விமான டிக்கெட், 'தங்க நாரை' ஓட்டலில் அறை, இந்தச் சாப்பாட்டு மேசை எல்லாவற்றையும் ஏற்பாடு செய்ததும் அவரே. கணவன் செய்ததெல்லாம் பெட்டியைத் தூக்கியதும், சூதாட்ட இயந்திரத்தில் இருபது டாலரைப் போட்டுப் பதினொரு நிமிடத்தில் தொலைத்ததும்தான். அந்த இருபது டாலருக்கு யோசிக்காதவர் மனைவியின் கேக்குக்கு யோசிக்கிறார். தன்னைப் பற்றித் தனக்கே கேவலமாக இருந்தது. ஆனாலும் இருபத்தாறு டாலர் என்ற எண் தொண்டையில் முள்ளாக நின்றது. எங்கள் ஊர்ச் சர்ச்சில் அந்தக் காசுக்குப் பதினொரு கேக் சுட்டு, மிச்சத்துக்குக் காப்பியும் போட்டுவிடுவார்கள்.

எங்கள் ஊர் என்றால் வடக்கு டகோட்டாவில் சர்க்கரை பீட் விளைகிற பக்கம். அக்டோபர் வந்துவிட்டால் அங்கே யாருக்கும் தூக்கம் கிடையாது, விருந்து விசேஷம் கிடையாது. நிலம் உறைவதற்குள் அத்தனை கிழங்கையும் தோண்டி லாரியில் ஏற்றிக் களத்தில் குவித்தாக வேண்டும். அக்டோபரில் பிறந்த பிள்ளைகள்கூட நவம்பரில்தான் மெழுகுவர்த்தி ஊதும். அந்தக் களத்து எடை மேடையில் முப்பத்திரண்டு அக்டோபர் நின்றவர் வெர்லின். லாரியை எடை போட்டு, கிழங்கோடு வந்த மண்ணுக்குக் கழித்து, மிச்சத்தை எழுத வேண்டும். தன் மைத்துனன் லாரிக்கே மண்ணுக்கு முழுசாகக் கழித்ததில் அவன் இரண்டு வருடம் பேசாமல் இருந்தான். 'வெர்லின் எழுதினா எழுதினதுதான்' என்று ஊரே சொல்லும். மார்லிஸ் அதைச் சொல்லும்போது மட்டும் குரலில் கொஞ்சம் பெருமை இருக்கும். அந்தப் பெருமைக்காகத்தான் அவர் வாழ்ந்தார் என்றே சொல்லலாம். போன வசந்தத்தில் ஓய்வு பெற்றார். இது அவர் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் முதல் அக்டோபர்.

அந்த நேரம் பார்த்துப் பணியாள் பெண் வந்தாள். ஐம்பது வயது இருக்கும். சட்டையில் யோலாண்டா என்று பெயர் குத்தியிருந்தாள். மணி மாலை ஐந்தேகால். அந்த நேரத்துக்கு இரவுச் சாப்பாடு சாப்பிட வருகிறவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள் மட்டும்தான் என்பதால் மேசைகள் பாதி காலி.

"என்ன கொண்டு வரட்டும் கண்ணுங்களா?" என்றாள். பிறகு மார்லிஸை விட்டுவிட்டு வெர்லினை மட்டும் பார்த்து, "இன்னைக்கு ஏதாவது விசேஷமா?" என்றாள்.

வெர்லினுக்கு ஊர் நண்பன் கோர்டியின் ஞாபகம் வந்தது. போன ஞாயிறு சர்ச்சில் காப்பி குடிக்கும்போது கோர்டி தோளில் கை போட்டுச் சொல்லியிருந்தான்: "வேகஸ்ல யாராவது விசேஷமான்னு கேட்டா, கல்யாண நாள்னு அடிச்சு விடு. ஓசில கேக் வரும். நான் ஒரே நாள்ல நாலு ஓட்டல்ல பொறந்தவன்."

அறுபத்திரண்டு வயதில் வெர்லின் ஹௌகன் தன் முதல் பொய்யைச் சொன்னார்.

"ஆமா. எங்க கல்யாண நாள்."

மார்லிஸ் கையிலிருந்த முள்கரண்டி தட்டில் விழுந்தது. யோலாண்டாவின் வாய் திறந்தபடி நின்றது. "நிஜமாவா சார்?" என்றாள்.

"நிஜமாத்தான்," என்றார் வெர்லின், மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டு.

"இதோ வந்துட்டேன்," என்று சொல்லி, சாப்பாட்டுக்கு என்ன வேண்டும் என்றுகூடக் கேட்காமல் அவள் சமையலறைப் பக்கம் கிட்டத்தட்ட ஓடினாள்.

மேசையில் அவர்கள் இருவர் மட்டும். வெர்லின் மெதுவாகத் தலையை நிமிர்த்தினார். மார்லிஸின் கண் கலங்கியிருந்தது.

"வெர்லின்," என்றார். "உன்கிட்ட இதை நான் எதிர்பார்க்கவே இல்ல."

"தெரியும்," என்றார் வெர்லின்.

"எப்போலேருந்து மனசுல வச்சிருந்தே?"

இதிலாவது பொய் சொல்லக்கூடாது என்று தோன்றியது. "போன ஞாயித்துக்கிழமையிலேருந்து."

"ஒரு வாரமாவா. வாயைத் திறக்காம இருந்திருக்கே." மார்லிஸ் கை நீட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். இருபது வருடமாக ஞாயிறு வகுப்பு எடுக்கிறவர் அவர். காணிக்கைத் தட்டில் கை வைத்த பையன்களின் மணிக்கட்டை இப்படித்தான் பிடிப்பார்.

"அப்புறம் பேசிக்கலாம், மார்லிஸ்."

"ரூமுக்குப் போனதும் பேசலாம்," என்றார் மார்லிஸ். அறைக்குப் போனதும் கிடைக்கப்போகும் திட்டுக்கு வெர்லின் இப்போதே தயாரானார்.

சமையலறையிலிருந்து கைதட்டல் கேட்டது. யாருக்கோ இயந்திரத்தில் பெரிய பரிசு அடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். யோலாண்டா திரும்பி வரும்போது கையில் கேக் இல்லை. கூடவே கறுப்புக் கோட்டுப் போட்ட உயரமான மேலாளர் வந்தார்.

"நான் டெஸ்மண்ட், சார். இந்த மேசை உங்களுக்கு வேண்டாம். நம்ம ஓட்டல் ஏரிப் பக்கம் ஜன்னலோரம் போடச் சொல்லியிருக்கேன்."

"இதுவே போதும்," என்றார் வெர்லின்.

"வாங்க சார்."

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

"சிரமம் என்ன சார், வாங்க."

எங்கள் பக்கத்தில் எதையும் இரண்டு தடவை மறுத்துவிட்டு மூன்றாம் தடவை வாங்கிக்கொள்வதுதான் மரியாதை. முதல் தடவையே வாங்கினால் பறக்காவெட்டி, மூன்றாம் தடவையும் மறுத்தால் திமிர் பிடித்தவன். இந்த முறை வெர்லின் மூன்றாவது மறுப்புக்கு வாயைத் திறந்துவிட்டார். ஆனால் அதற்குள் மார்லிஸ், "இவ்வளவு ஆசையாக் கூப்பிடறாங்களே, வா," என்று எழுந்துவிட்டார். எழுந்தபோதுதான் அவர் புதுசாக ஒரு கருநீல உடை போட்டிருப்பது வெர்லின் கண்ணில் பட்டது. அறையிலிருந்து கிளம்பும்போது அதைப் பார்த்து, "குளிராதா உனக்கு?" என்று மட்டும் கேட்டிருந்தார்.

ஜன்னலோரம் மெழுகுவர்த்தி, ரோஜா, பனிக்கட்டி வாளியில் ஷாம்பெயின். இவ்வளவும் ஒரு துண்டு கேக் கேட்ட குற்றத்துக்கு.

"எத்தனை வருஷம் ஆச்சு?" என்று ஊற்றிக்கொண்டே கேட்டாள் யோலாண்டா.

வெர்லின் மனதுக்குள் கணக்குப் போட்டார். நவம்பர் வந்தால்தான் முப்பத்து மூன்று முடியும். இன்று தேதிக்கு முப்பத்திரண்டுதான் சரி. ஏற்கெனவே சொன்ன பொய்யில் கொஞ்சமாவது கழித்துக்கொள்ளலாம், மண்ணுக்குக் கழிப்பதுபோல.

"முப்பத்திரெண்டு," என்றார்.

"முப்பத்தி மூணு," என்றார் மார்லிஸ். அவர் குரலில் கொஞ்சமும் நடுக்கம் இல்லை.

வெர்லினுக்குக் காலடித் தரை நழுவியது. மார்லிஸ் பொய் சொல்கிறார். குழந்தைகளுக்குப் பத்துக் கட்டளை சொல்லிக் கொடுக்கிற மார்லிஸ், இவர் மானத்தைக் காப்பாற்ற, முகம் மலர்ந்து பொய் சொல்கிறார். தான் கெட்டதோடு நல்ல குடும்பத்துப் பெண்ணையும் கெடுத்தாகிவிட்டது.

"இவரு கணக்குல எப்பவும் ஒண்ணு குறைச்சுத்தான் எழுதுவாரு," என்று மார்லிஸ் யோலாண்டாவிடம் சொல்லிச் சிரித்தார்.

"ஆம்பளைங்க எல்லாரும் அப்படித்தான் கண்ணு," என்றாள் யோலாண்டா.

"போதும், மார்லிஸ்," என்றார் வெர்லின் பல்லைக் கடித்தபடி.

"ஏன், வெக்கமா இருக்கா?"

"ரொம்ப."

"இருக்கட்டும். முப்பத்தி மூணு வருஷத்துல ஒரு தடவ வெக்கப்பட்டா ஒண்ணும் குறைஞ்சு போயிட மாட்டே."

அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்வதா, தண்டனை என்று எடுத்துக்கொள்வதா என்று வெர்லினுக்குப் புரியவில்லை. அதற்குள் யாரும் கேட்காத பெரிய சிங்கி இறால் ஒன்று, தட்டுக்கு வெளியே மீசையை நீட்டிக்கொண்டு வந்து இறங்கியது. கோழி சூப் சாப்பிட வந்தவர்கள் அவர்கள். "இது சமையல்காரரோட அன்பளிப்பு," என்றாள் யோலாண்டா. பின்னால் சமையலறைக் கதவில் ஒரு தொப்பி எட்டிப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டது. வெங்காயமாக இருக்கும்.

இதை நிறுத்தியாக வேண்டும் என்று முடிவு செய்து, கழிவறைக்குப் போகிறவர்போல எழுந்து போய் டெஸ்மண்டை ஒரு தூண் பின்னால் மடக்கினார்.

"டெஸ்மண்ட், அந்த மேசையில வந்த எல்லாத்துக்கும் நான் காசு குடுத்துடறேன்."

"உங்க காசு இன்னைக்கு இங்க செல்லாது சார்."

"கார்டும் வச்சிருக்கேன்."

"அதுவும் செல்லாது."

"சரி, கேக்கையாவது நிறுத்திடுங்க. எனக்கு வேண்டாம்."

டெஸ்மண்ட் குரலைத் தாழ்த்தினார். "சர்க்கரை வியாதியா சார்?"

தப்பிக்க ஒரு வாசல் திறந்ததாக வெர்லினுக்குத் தோன்றியது. "ஆமா," என்றார். மாலை ஆறு மணிக்குள் இரண்டாவது பொய். அதுவும் சர்க்கரை விளைகிற ஊர்க்காரர் சொன்னது.

"முன்னாடியே சொல்லக் கூடாதா? கவலையே படாதீங்க," என்று டெஸ்மண்ட் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுச் சமையலறைக்குள் போனார்.

திரும்பி வந்தபோது மேசையில் இரண்டு புதியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து மேசைப் புதுமணத் தம்பதி. கோல்பி, ஜாஸ்லின் என்று பெயர். அன்று காலையில்தான் அதே ஓட்டல் தேவாலயத்தில் கல்யாணம் ஆகியிருந்தது. பெண் வெள்ளைக் கவுனுக்கு மேல் ஜீன்ஸ் சட்டை போட்டிருந்தாள்.

"முப்பத்தி மூணு வருஷமாமே," என்றாள் ஜாஸ்லின். "எங்க அப்பா அம்மா நாலு வருஷம்கூட ஓட்டல. எப்படிங்க? என்ன ரகசியம்?" கையில் செல்போனை எழுதத் தயாராக வைத்திருந்தாள்.

வெர்லின் நாக்குக்குப் பழகிய பதில் ஒன்று உண்டு. ஊரில் எந்தக் கல்யாண விருந்திலும் அவரைக் கேட்டால் அதைத்தான் சொல்வார். யோசிப்பதற்குள் அது வெளியே வந்துவிட்டது.

"ஒருத்தர்கிட்ட ஒருத்தர் பொய் சொல்லாம இருக்கிறது."

சொல்லி முடித்ததும் இறாலின் இரண்டு கண்ணும் தன்னையே பார்ப்பதாக அவருக்குப் பட்டது.

"அது நூத்துக்கு நூறு உண்மைம்மா," என்றார் மார்லிஸ். "இந்த மனுஷன் என்கிட்ட ஒரு தடவகூடப் பொய் சொன்னதில்ல. பூ வாங்கித் தந்ததில்ல, நல்லாருக்கேன்னு சொன்னதில்ல. ஆனா சொன்னது எதுவும் பொய்யில்ல. அதை நம்பித்தான் நான் குடும்பம் நடத்தினேன்."

ஜாஸ்லின் மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுதிக்கொண்டாள். "கேட்டுக்கோ," என்று கோல்பியை இடித்தாள். கோல்பி வெர்லினைக் குருநாதரைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். வெர்லினுக்கு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளலாமா என்று இருந்தது. இத்தனை பேர் முன்னால் இப்படிக் குத்திக்காட்டுகிறாளே, நேராகவே திட்டியிருக்கலாமே என்று நினைத்துக்கொண்டார்.

அவர்கள் தங்கள் மேசைக்குப் போனதும் மார்லிஸ் முன்னால் சாய்ந்தார். "ஏன் உனக்கு இப்படி வேர்க்குது?"

"ஒண்ணுமில்ல. மெழுகுவர்த்திச் சூடு."

"வெர்லின், நான் ஒண்ணு சொல்லணும். ரூமுக்குப் போய்ச் சொல்லலாம்னு இருந்தேன், முடியல. இந்த வருஷம் பூரா நான் உன்னைப் பத்தித் தப்பா நெனச்சுக்கிட்டு இருந்தேன். ரிட்டயர் ஆகி வீட்ல உக்காந்தப்புறமும் நீ என்னைப் பாக்கவே இல்லையோன்னு நெனச்சேன். காலைல எழுந்து மழை பெய்யுதான்னு பாக்கறே, பீட் எப்படியிருக்குன்னு போன் பண்றே. நான் ஒருத்தி இருக்கேன்னு..." அவர் நிறுத்தி, கைக்குட்டையை எடுத்தார். "போகட்டும். இன்னைக்கு அதெல்லாம் போச்சு."

இருபத்தாறு டாலரை மிச்சம் பிடிக்கச் சொன்ன ஒரு பொய்யால் அதெல்லாம் எப்படிப் போகும் என்று வெர்லினுக்கு விளங்கவில்லை. மனைவி தன்னைக் கிண்டல் செய்கிறாரா என்று உற்றுப் பார்த்தார். கிண்டல் மாதிரி தெரியவில்லை. அவருக்கு மேலும் பயம் வந்தது. தன்னைத் திருடனாகப் பார்த்து வருந்துகிற மனைவியைத் தாங்கிக்கொள்ளலாம். திருட்டில் பங்கு கொண்டு சந்தோஷப்படுகிற மனைவியை என்ன செய்வது?

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று, "மார்லிஸ், அந்தக் கேக் விஷயம்..." என்று ஆரம்பித்தார்.

கேக் வந்துவிட்டது.

ஒன்றல்ல, இரண்டு. மார்லிஸுக்கு நடுவில் சாக்லேட் உருகுகிற துண்டு. வெர்லினுக்குத் தொப்பியளவு முழுக் கேக், சர்க்கரை போடாமல் அவருக்கென்றே சுட்டது, மேலே அவர் பெயர். வேறு மேசைக்குச் சுட்டுக்கொண்டிருந்ததை எல்லாம் நிறுத்திவிட்டுச் செய்ததாக டெஸ்மண்ட் பெருமையோடு சொன்னார்.

"சர்க்கரை இல்லாமலா? ஏன்?" என்றார் மார்லிஸ்.

"சாருக்கு வியாதி இருக்கே மேடம்."

மார்லிஸ் முகம் வெளுத்தது. "உனக்குச் சர்க்கரையா? எப்போலேருந்து? டாக்டர் என்ன சொன்னாரு? என்கிட்ட ஏன் மறைச்சே?"

"இல்ல மார்லிஸ், அது வந்து..."

"நான் ரெண்டு வேளையும் உனக்கு உருளைக்கிழங்கு போட்டுக்கிட்டு இருக்கேன். வெர்லின், அதனாலதான் இதெல்லாமா? உடம்புக்கு ஏதோ ஆயிடுச்சுன்னுதான் இந்த வருஷம் இப்படி..."

வெர்லின் பதில் சொல்வதற்குள் விளக்குகள் மங்கின. பியானோக்காரர் கல்யாணப் பாட்டு வாசிக்கத் தொடங்கினார். இதற்குள் மேசைகள் எல்லாம் நிறைந்திருந்தன. வாசலுக்கு வெளியே சூதாட்டக் கூடத்தின் பெரிய திரையில் 'வெர்லின், மார்லிஸ், 33 ஆண்டுகள்' என்று எழுத்து ஓடியது. இயந்திரங்களை விட்டு ஆட்கள் எழுந்து வந்து வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். டெஸ்மண்ட் ஒலிவாங்கியை வெர்லின் கையில் கொடுத்தார்.

"ரெண்டு வார்த்தை சொல்லுங்க சார்."

நூறு பேருக்கு மேல் இருக்கும். எல்லாரும் கையில் கிண்ணத்தோடு எழுந்து நின்றார்கள். கோல்பி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றான். வெர்லின் மார்லிஸைப் பார்த்தார். மார்லிஸ் கண்ணீரோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது இன்னொரு பொய் சொன்னால் அந்த முகத்தை இனி ஆயுசுக்கும் நேராகப் பார்க்க முடியாது என்று அவருக்குப் பட்டது. எது போனாலும் போகட்டும், அவளுக்கு முன்னால் நான் யோக்கியனாக இருக்க வேண்டும்.

"எல்லாரும் உக்காருங்க," என்றார். யாரும் உட்காரவில்லை.

"இன்னைக்கு எங்க கல்யாண நாள் இல்ல."

எங்கேயோ ஒரு சிரிப்பு கேட்டு அடங்கியது. பியானோ நின்றது.

"நான் பொய் சொன்னேன். கேக் இருபத்தாறு டாலர்னு போட்டிருந்தது. கல்யாண நாள்னு சொன்னா ஓசில கிடைக்கும்னு ஒருத்தன் சொன்னான். அதான் சொன்னேன். எனக்குச் சர்க்கரை வியாதியும் இல்ல, அதுவும் பொய்தான். எங்க கல்யாண நாள் அடுத்த மாசம். பீட் அறுவடை முடிஞ்சு, நவம்பர் மொத சனிக்கிழமை, சர்ச்சுல மீன் சாப்பாடு போடற அன்னிக்கு. வருஷா வருஷம் அன்னிக்குத்தான். இதுல என் பொண்டாட்டிக்குப் பங்கே இல்ல. அவ என் மானத்தைக் காப்பாத்தத்தான் முப்பத்தி மூணுன்னு சொன்னா. அவ மேல யாரும் தப்பா நெனக்காதீங்க. மன்னிச்சுடுங்க."

ஒலிவாங்கியை மேசைமேல் வைத்தார். அது ஒரு கீச்சுச் சத்தம் போட்டது. ஜாஸ்லின் செல்போனை எடுத்து எழுதியதில் எதையோ அழித்தாள். நின்றவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். வாசலில் கூடியவர்கள் இயந்திரங்களுக்குத் திரும்பிப் போனார்கள்.

வெர்லினுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனால் நெஞ்சில் ஒரு கனம் இறங்கியிருந்தது. ஊரே சிரித்தாலும் இனி மார்லிஸ் மட்டும் தலை நிமிரலாம். 'வெர்லின் எழுதினா எழுதினதுதான்' என்று பழையபடி சொல்லலாம். அந்தப் பார்வையை எதிர்பார்த்து அவர் மனைவி பக்கம் திரும்பினார்.

மார்லிஸ் கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தார். நாலாக மடித்தார், எட்டாக மடித்தார், கைப்பைக்குள் வைத்தார். முகத்தில் கோபம்கூட இல்லை. யாரோ விளக்கை அணைத்துவிட்டுப் போனதுபோல இருந்தது.

"நான் ரூமுக்குப் போறேன்," என்றார்.

"இரு, நானும் வரேன்."

"நீ சாப்பிட்டுட்டு வா. வீணாகும்."

கேக்கைத் தொடாமல் எழுந்து, மேசைகளுக்கு நடுவே நிமிர்ந்து நடந்து போனார். கருநீல உடை அவருக்கு எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது என்று வெர்லினுக்கு அப்போதுதான் தெரிந்தது.

டெஸ்மண்ட் கண்ணில் படவில்லை. யோலாண்டா மட்டும் வந்து நின்றாள். வெர்லின் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எவ்வளவு ஆச்சுன்னு சொல்லும்மா, எல்லாத்துக்கும் குடுத்துடறேன்," என்றார். "இத்தனை பேர் முன்னாடி அவளை அவமானப்படுத்திட்டேன். ஆனா பொய்யை ஒத்துக்கிட்டேன் இல்லையா? அதுக்கு அவ சந்தோஷம்தானே படணும்? நான் எதுல தப்புப் பண்ணினேன்னு எனக்கே புரியல."

யோலாண்டா சட்டைப் பையிலிருந்து முன்பதிவுச் சீட்டை எடுத்து அவர் முன்னால் மெதுவாக வைத்துச் சொன்னாள்:

"ஆகஸ்ட்ல மேசைக்குச் சொல்லி வச்சப்ப மேடம் எழுதச் சொன்னது இதுதான் சார்: 'அக்டோபர் பன்னிரண்டு, எங்க முப்பத்தி மூணாவது கல்யாண நாள், வருஷா வருஷம் அறுவடைக்காக நவம்பர்ல கொண்டாடியே அவருக்கு இந்தத் தேதி ஞாபகம் இருக்காது, நீங்க யாரும் சொல்லிக் காட்டி அந்த மனுஷனை வெக்கப்பட வச்சுடாதீங்க.'"